அனுசரிக்க வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் 3-ஆம் தேதி, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியான படத்தைப் பார்த்தேன். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. பயனாளிகள் கைகூப்பியபடி சாவியைப் பெற்றுக்கொள்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இப்படியொரு விழாவில் சாவி வாங்கியவன்தான் நானும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக என்னை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்படிக் கிடைத்த வண்டிதான். ஆனால் அந்த வண்டி எங்களை அலுவலக வாசலில் இறக்கிவிட்ட பிறகு என்ன ஆகிறது என்பது மட்டும் செய்தியாவதே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

எனக்கு வயது 56. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி வலது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை காலிபர் என்னும் தாங்கியை மாட்டிக்கொண்டு ஊன்றுகோலின் துணையோடு நடக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு தனியார் வணிக நிறுவனத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். அங்கே நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறோம். 2019-இல் நிறுவனம் புதிய கட்டடத்துக்கு மாறியபோது விற்பனையும் சரக்கும் கீழ்த்தளத்திலும், கணக்குப் பிரிவு இரண்டாம் தளத்திலும் அமைந்தன. லிப்ட் கிடையாது. மொத்தம் 42 படிகள். ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மறுகையால் ஊன்றுகோலை ஊன்றி, முதலில் நல்ல காலை மேற்படியில் வைத்து, பிறகு காலிபர் மாட்டிய காலை இழுத்துச் சேர்க்க வேண்டும். கழிப்பறையோ இரண்டு தளங்களுக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் இருந்தது. அதற்கென்று தனியாக இறங்கி ஏற வேண்டும். ஆகவே காலை எட்டரை மணிக் காபிக்குப் பிறகு மாலை வீடு திரும்பும் வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஆறு மாதத்தில் சிறுநீர்த் தொற்று வந்து, மூன்று நாட்கள் காய்ச்சலில் கிடந்தேன். “தண்ணியே குடிக்க மாட்டீங்களா?” என்று மருத்துவர் கேட்டபோது, என்னால் காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

எங்கள் முதலாளி கெட்டவர் அல்லர். என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கேட்காமலே முன்பணம் கொடுத்தவர். என் மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி நான் கேட்டபோது, “கணக்குப் பிரிவு எல்லாரும் ஒரே இடத்துல இருந்தாத்தான் சார் சரிப்படும், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்றார். இரண்டாம் முறை கேட்டபோது, “எதுக்கு சார் இவ்வளவு சிரமம்? வீட்டுல ஓய்வா இருங்க, பாதிச் சம்பளம் மாசாமாசம் வந்துடும்” என்றார். மனதார, கனிவோடுதான் சொன்னார். வேலையில் எந்தக் குறையும் சொல்லப்படாத ஒருவர், படிக்கட்டின் காரணமாகப் பாதிச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் அவருக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. நேர்மையாகச் சொன்னால், அப்போது எனக்கும் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று எனக்குத் தெரிந்திராத செய்தி இதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை அதற்கடுத்த ஆண்டே இந்தியா உறுதிசெய்தது. அதன் விளைவாகப் பிறந்தது இந்தச் சட்டம். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது; புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆனால் எண்ணிக்கை கூடியதை விடப் பெரிய மாற்றம், பாகுபாடு என்றால் என்ன என்று 2-ஆவது பிரிவில் அது தந்திருக்கும் விளக்கம். குறைபாட்டைக் காரணமாக வைத்துச் செய்யப்படும் எந்த வேறுபாடும், விலக்கலும், கட்டுப்பாடும், ஒருவரின் உரிமையைக் குலைக்கும் நோக்கம் கொண்டதாக இருந்தாலும் சரி, அந்த விளைவை உண்டாக்குவதாக மட்டும் இருந்தாலும் சரி, பாகுபாடுதான் என்கிறது அந்த விளக்கம். நோக்கம் இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. விளைவு போதும் என்கிறது. அதே வாக்கியத்தின் இறுதியில், நியாயமான அனுசரிப்பை மறுப்பதும் பாகுபாடே என்று சேர்த்திருக்கிறார்கள்.

நியாயமான அனுசரிப்பு என்பது நான் பயன்படுத்தும் சொல். ‘நியாயமான வசதி’, ‘ஏற்ற மாற்றங்கள்’ என்றெல்லாமும் எழுதுகிறார்கள். எனக்கு ‘அனுசரிப்பு’ பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஐம்பது ஆண்டுகளாக வீட்டிலும் பள்ளியிலும் பேருந்திலும் வேலையிடத்திலும் ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தச் சட்டம் அந்தச் சொல்லைத் திருப்பி வைத்திருக்கிறது. அனுசரிக்க வேண்டியது நிறுவனம். அனுசரிக்கப்பட வேண்டியவர் மாற்றுத்திறனாளி. அளவுக்கு மீறிய சுமையை நிறுவனத்தின் மேல் ஏற்றாத, குறிப்பிட்ட ஒருவருக்கு அவசியமான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பதே அதன் பொருள். முடியாத எதையும் யாரும் கேட்கவில்லை. பார்வையற்ற ஊழியரின் கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நிறுவுவது, காது கேளாத ஊழியருக்குக் கூட்டத்தின் முடிவுகளை எழுதிக் கொடுப்பது, மனநலச் சிகிச்சையில் இருப்பவருக்கு இரவுப் பணி தராமல் இருப்பது, என்னைப் போன்றவர்களுக்கு ஒரு மேசையைக் கீழே போடுவது, இவையெல்லாம் அதில் அடங்கும்.

இந்தப் பிரிவை எனக்குக் காட்டியவர் நிறுவனத்தின் தணிக்கை வேலைக்கு வந்த ஒரு இளம்பெண். நான் படியேறுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார், சொன்னேன். மறுநாள் சட்டத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரு பக்கக் கடிதம் எழுதி, பிரிவுகளைக் குறிப்பிட்டு, முதலாளியின் கையில் கொடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. “நான் உங்களைப் பாகுபாடு பண்றேனா சார்?” என்று கேட்டார். நோக்கம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும், ஆனால் விளைவு அதுதான் என்று சட்டம் சொல்கிறது என்றேன். இரண்டு வாரத்தில் மின்பணியாளர் ஒருவர் வந்தார். கீழ்த்தளத்தில் பில் போடும் மேசைக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட், கணினியை இணைக்க முப்பதடி வயர், ஒரு பழைய மேசை. அரை நாள் வேலை. மூவாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. முதன்முதலாக நான் கேட்ட நாளுக்கும் அந்த வயர் சுவரில் ஏறிய நாளுக்கும் இடையில் ஏழு மாதங்கள். அந்த ஏழு மாதங்களில் என் உடம்பு பட்ட பாட்டுக்கு அந்த மூவாயிரம் ரூபாயா காரணம்? கேட்பவர், கொடுப்பவர் இருவருமே இதை உதவி என்று நினைத்திருந்ததுதான் காரணம். உதவியை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

இதே எண்ணம் அரசு அலுவலகங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யச் சென்றோம். சார்பதிவாளர் அலுவலகம் மாடியில் இருந்தது. அன்று எனக்குக் காலில் புண். காலிபர் மாட்ட முடியவில்லை. பத்திர எழுத்தர் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, என்னை உட்காரவைத்து, இருவர் முன்னாலும் இருவர் பின்னாலும் பிடித்துத் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி சாய்ந்தது. என் மடியிலிருந்த ஊன்றுகோல் நழுவி, ஒவ்வொரு படியிலும் மோதிக்கொண்டே கீழே விழுந்தது. கீழே காத்திருந்த கூட்டம் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. வேட்டி விலகிவிடாமல் என் தங்கை கூடவே நடந்து முனையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேலே போனதும் அலுவலர் மரியாதையாகப் பேசினார். வரிசையில் நிற்க விடாமல் முதலில் அழைத்துக் கைரேகையும் படமும் எடுத்து அனுப்பினார். யாரும் என்னை அவமதிக்கவில்லை. ஆனால் என் தகப்பன் வீட்டில் என் பங்கை எழுதி வாங்கிய நாளை நினைத்தால், இன்றைக்கும் அந்த ஊன்றுகோல் படிகளில் விழுந்த சத்தம்தான் முதலில் காதில் கேட்கிறது.

பிறகுதான் அறிந்தேன்: அந்தப் படியில் என்னை யாரும் தூக்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஆம், ஆங்கிலேயர் காலத்துச் சட்டம், தன் 38-ஆவது பிரிவில் இதற்கு வழி செய்திருக்கிறது. உடல் நலிவு காரணமாக ஆபத்தோ பெருஞ்சிரமமோ இல்லாமல் பதிவு அலுவலகத்துக்கு வர முடியாதவர் நேரில் வந்தாக வேண்டியதில்லை. பதிவு அலுவலரே அவர் இருக்கும் இடத்துக்குச் சென்று விசாரிக்க வேண்டும், அல்லது தன் சார்பில் ஒருவரை அதற்கென அனுப்ப வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய இந்த ஏற்பாட்டை அன்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. நாற்காலி தூக்க ஆள் இருந்தது; சட்டத்தைச் சொல்ல ஆள் இல்லை. அந்த அலுவலகத்தில் ஒரு சிறு பலகையில் இந்தப் பிரிவை எழுதி வைத்திருந்தால் போதுமே என்று இன்றும் தோன்றுகிறது.

கட்டடங்களைப் பொறுத்தவரை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் காலக்கெடுவே விதித்தது. அதன் விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிச் சேவை வழங்குவோர் அனைவரும் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தும் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் எங்களால் அணுகக்கூடியவையாக மாற வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டாவது கெடுவும் 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. கெடு முடிந்ததால் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் வாசலில் ஒரு சாய்தளம் முளைத்தது. அந்தச் சாய்தளங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. வாசற்படி இரண்டடி உயரம் என்றால் சாய்தளம் இருபத்துநான்கு அடி நீளம் இருக்க வேண்டும். இருபுறமும் கைப்பிடி வேண்டும். மேலே சக்கர நாற்காலி திரும்புவதற்குச் சமதளம் வேண்டும். நம் ஊரில் இரண்டடி உயரத்துக்கு ஆறடியிலும் ஏழடியிலும் கட்டி, அதன் மேல் வழவழப்பான டைல்ஸ் ஒட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் சக்கர நாற்காலியை ஏற்றினால் பின்னோக்கிக் கவிழும். ஊன்றுகோலை வைத்தால் வழுக்கும். ஒரு மருத்துவமனையில் சாய்தளம் சரியாகவே இருந்தது. ஆனால் அதன் அடியில் இருசக்கர வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். ஒரு முறையேனும் அதைப் பயன்படுத்தக்கூடிய ஒருவரை ஏறிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பணிநிறைவுச் சான்று கொடுத்திருந்தால் இவை நேர்ந்திருக்காது. விதிகளுக்குப் பொருந்தாத கட்டடத்துக்கு அனுமதியோ பணிநிறைவுச் சான்றோ தரக்கூடாது என்று 44-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்த நிலைக்கு மத்திய அரசின் விதிகளிலும் ஒரு காரணம் இருந்தது. அணுகல் தரங்களைக் கட்டாயமாக்க வேண்டிய 15-ஆவது விதி, பல துறைகளின் வழிகாட்டுதல்களைப் பரிந்துரை என்ற அளவிலேயே நிறுத்திவிட்டது. ரஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்று அறிவித்து, கட்டாயமான தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2005-இல் பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கு அது. ஒரு சாய்தளம் கட்டாயமா விருப்பமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆனதை நினைக்க வருத்தமாக இருக்கிறது.

கட்டடம் மட்டும்தான் வாசல் என்று இனிச் சொல்ல முடியாது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் கைபேசித் திரையே வாசலாகிவிட்டது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள் என்று திரை கேட்கிறது. அமில வீச்சில் கண்ணிமைகளை இழந்த பெண் எப்படிச் சிமிட்டுவார்? அவரைப் போன்றவர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, அடையாளச் சரிபார்ப்பு முறைகளை மாற்றியமைக்க 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. நம் ரேஷன் கடைகளில் கைரேகை பதியாமல் திரும்பும் முதியவர்களையும், தொழுநோயால் விரல்களை இழந்தவர்களையும் பார்த்த எவருக்கும் அந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

வேலைவாய்ப்பில் நீதிமன்றங்கள் கடந்து வந்திருக்கும் தூரத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. பார்வைக் குறைபாடு 70 சதவீதம் இருந்த தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு விண்ணப்பித்தார். 50 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தப் பணியில் இடமில்லை என்ற வரம்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சரியென்றது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரியில், குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஒருவரைக் கேட்ட விகாஷ் குமாரின் வழக்கில், அந்தத் தீர்ப்பு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்ததல்ல, ஆகவே இனி அதை முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு 2025 மார்ச்சில், பார்வைக் குறைபாட்டை மட்டும் காரணமாக வைத்து எவருக்கும் நீதித்துறைப் பணியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. குறைபாட்டின் பேரில் பாகுபடுத்தப்படாமல் இருப்பதை அடிப்படை உரிமைக்கு இணையாகக் கருத வேண்டும் என்றும் சொன்னது. முழுமையாகப் பார்வையற்றவராக இருந்தும் இந்திய வெளியுறவுப் பணியில் முதன்முதலாகச் சேர்ந்த பெனோ செபின் சென்னைப் பெண் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவருக்கு நாம் தந்த கைத்தட்டலை விட, ஒரு மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கும் பார்வையற்ற இளநிலை உதவியாளருக்குத் திரையைப் படிக்கும் மென்பொருளை நிறுவித் தருவது அதிக மதிப்புள்ளது என்பது என் எண்ணம்.

அரசுப் பணியில் இருப்போருக்குச் சட்டம் நல்ல பாதுகாப்பே தருகிறது. 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பணிக்காலத்தில் குறைபாடு நேர்ந்தால் வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பொருத்தமான வேறு பணி இல்லையென்றால், பணியிடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு பெறும் வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ள வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரையும் ஒவ்வோர் அரசு அலுவலகமும் நியமிக்க வேண்டும். தனியார் துறைக்கு வந்தால் இந்தப் பாதுகாப்பு மெலிந்துவிடுகிறது. வேலைவாய்ப்பில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் 20-ஆவது பிரிவு, அரசு நிறுவனங்களை மட்டுமே பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகிறது. நம் அரசமைப்பின் 15-ஆவது பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் யாரையும் விலக்கக் கூடாது என்று தனியாரையும் சேர்த்தே தடுத்தது. தண்டவாளம் போல் உறுதியான அந்த வரிசையில் உடற்குறைபாடு இல்லை. வேலைவாய்ப்பில் சம வாய்ப்பைப் பேசும் 16-ஆவது பிரிவோ அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. பிரிட்டன் 2010-இல் செய்தது போல, பாகுபாட்டின் எல்லாக் காரணங்களையும் அரசு, தனியார் என்று பாராமல் ஒரே சமத்துவச் சட்டத்தில் கொண்டுவரும் முயற்சி இந்தியாவில் இன்னும் கைகூடவில்லை. நமக்கு இருப்பவை துண்டு துண்டான சட்டங்கள்: பெண்களுக்குப் பணியிடப் பாதுகாப்புக்காக 2013-இல் ஒன்று, எச்ஐவி பாதித்தவர்களுக்கு 2017-இல் ஒன்று, திருநர்களுக்கு 2019-இல் ஒன்று. இரண்டு தனியார் பள்ளிகளில் வேலை இழந்த ஒரு திருநங்கை ஆசிரியர் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் 2025 அக்டோபரில் இழப்பீடு பெற முடிந்தது. எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியுமா?

ஆயினும் தனியார் நிறுவனங்களை நோக்கிய ஒரு கதவை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. அதன் 21-ஆவது பிரிவின்படி, தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் அதன் நகலைப் பதிவு செய்ய வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள் எவை, அவர்களுக்குச் செய்து தரும் வசதிகள் என்ன, அவற்றைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார் என்பவற்றை அந்தக் கொள்கையில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் எத்தனையோ உண்டு. நான் வேலை நிமித்தமாகப் போய் வரும் எந்த நிறுவனத்தின் சுவரிலும் அப்படியொரு தாளை இதுவரை கண்டதில்லை. எங்கள் நிறுவனத்திலும் நான் கடிதம் கொடுத்த பிறகே அது எழுதப்பட்டது.

சுவரில் ஒட்டும் தாளினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். கடை ஊழியர்களின் நாற்காலியை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்த பெண்களுக்காக, 2021-இல் நம் சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்பும் மனமிருந்த முதலாளிகள் இருக்கை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கேட்பவருடைய குரல் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு மாறியது. அதற்கு முன் ‘உட்காந்துக்கட்டுமா?’ என்று அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பிறகு ‘நாற்காலி எங்கே?’ என்று கேட்க முடிந்தது. மாற்றுத்திறனாளி ஊழியருக்கும் அப்படிக் கேட்க ஒரு தாள் தேவைப்படுகிறது. எங்கள் நிறுவனத்தில் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய காசாளர் அம்மா, அந்தத் தாளைக் காட்டித்தான் இரண்டு மாதம் கீழ்த்தளத்தில் இடம் கேட்டார். அவர் மாற்றுத்திறனாளி அல்லர். ஆனாலும் அவருக்கும் என் மேசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அதே வயரில் இன்னொரு இணைப்பு போட்டார்கள்.

மீறினால் என்ன தண்டனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்; மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை. தொகை பெரிதல்ல, என் கவலையும் தொகையைப் பற்றியதல்ல. மாநில ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் சில உண்டு. ஆணையர் ஒரு பரிந்துரை அனுப்பினால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்த வழி இருப்பதே தெரியாமல், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரே மனுவை நான்கைந்து முறை கொடுத்துவிட்டுத் திரும்பும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருந்தோம். அது ஏழு வகைக் குறைபாடுகளின் காலத்துக் கணக்கு என்பதால் இன்றைய எண்ணிக்கை அதைவிட அதிகமாகவே இருக்கும். 2025-இல் உள்ளாட்சி அமைப்புகளில் எங்களுக்கு நியமன உறுப்பினர் பதவி தரும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு நிறைவேற்றியது. அவற்றைக் கொண்டுவந்த அரசுக்கு மனமார நன்றி சொல்கிறேன். அந்த உறுப்பினர்கள் மன்றக் கூட்டத்துக்குப் போகும்போது கூட்ட அரங்கு மாடியில் இருந்தால், அவர்களையும் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன்.

தொழிலாளர் துறையிடம் நான் வேண்டுவது, இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் ஆய்வுப் படிவத்தில் சமவாய்ப்புக் கொள்கை பற்றிய கேள்வி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதே. பதிவுத்துறையிடம் வேண்டுவது, ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ்ப்படியருகிலும் 38-ஆவது பிரிவைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது. அது மேலே, அலுவலகத்துக்குள் இருந்து பயனில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த டிசம்பர் 3 வரை காத்திராமல், தங்கள் செய்தியாளர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையைப் பதிவு செய்திருக்கின்றன, எத்தனை அரசு அலுவலகங்களில் குறைதீர்ப்பு அலுவலரின் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, 2022-க்குப் பிறகும் மாடியில் மட்டுமே இயங்கும் மக்கள் சேவை அலுவலகங்கள் எத்தனை என்ற மூன்று கேள்விகளையும் உரியவர்களிடம் கேட்டு, கிடைக்கும் பதிலை அதே மாவட்டப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கும்பகோணம்